பிரிட்டனில் வேப் காயிலை வீட்டிலேயே கட்டுவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு (மின்சிகரெட்டுக்கு) மாறியவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். சிகரெட் பழக்கமே இல்லாதவர் இதைப் படித்துவிட்டு எதையும் தொடங்க வேண்டாம். புகைப்பதைவிட வேப் கெடுதல் குறைந்தது, ஆனால் கெடுதலே இல்லாதது அல்ல, புகைக்காதவருக்கு அது தேவையில்லை என்பதுதான் இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இன் நிலைப்பாடும்.

காயில் என்பது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பாகம். கடையில் விற்கும் ஆயத்தக் காயில் ஐந்து கொண்ட பெட்டி 10 முதல் 15 பவுண்ட் வரை விற்கிறது. ஒன்று ஒரு வாரம் தாங்கினால் நல்லது. இனிப்புச் சுவைத் திரவம் ஊற்றுபவருக்கு அதுவும் தாங்காது. அந்தக் காயிலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு சாண் நீளம்கூட இல்லாத கம்பியும் ஒரு துணுக்குப் பஞ்சும்தான். இரண்டையும் நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகும் அதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பாதி, அறை முழுக்கப் புகைமண்டலம் எழுப்புவதைப் போட்டியாகச் செய்பவர்கள் எடுத்தவை. தடித்த கம்பியில் இரட்டைக் காயில், 80 வாட், 90 வாட் என்று போவார்கள். சிகரெட்டுக்குப் பதிலாக ஒன்றைத் தேடுபவருக்கு அதில் எதுவுமே பொருந்தாது. அவருக்கு வேண்டியது, சிகரெட்டை இழுப்பது போலவே முதலில் வாய்க்கு இழுத்துப் பிறகு நெஞ்சுக்கு இறக்கும் முறை. ஒரே ஒரு மெல்லிய காயில். 12 முதல் 15 வாட். இந்தக் கட்டுரை அதற்கு மட்டும்தான்.

1. கடைக்குப் போகுமுன்: அடையாள அட்டையும் சட்டமும்

இங்கே 18 வயது நிரம்பாதவருக்கு வேப் பொருட்களை விற்பது குற்றம். நிறையக் கடைகளில் 25 வயதுக்குக் கீழே தோன்றினாலே அட்டை கேட்பார்கள். தெருமுனைக் கடைக்காரர் நம் ஊர் அண்ணாவாகவே இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். பிடிபட்டால் அபராதம் கட்டப்போவது அவர்.

புதிதாக வந்த மாணவர்களும் வேலைக்கு வந்தவர்களும் இடறுவது இந்த இடத்தில்தான். முன்பு கையில் இருந்த பிஆர்பி (குடியிருப்பு அனுமதி) அட்டை போய், இப்போது எல்லாம் இ-விசா. கைப்பேசித் திரையைக் காட்டினால் பெரும்பாலான கடைகள் ஏற்பதில்லை. பாஸ்போர்ட் ஏற்கப்படும், ஆனால் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைவது புத்திசாலித்தனம் அல்ல. தற்காலிக ஓட்டுநர் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்ட். கார் ஓட்டும் எண்ணமே இல்லாவிட்டாலும் அது நல்ல அடையாள அட்டை. நாட்டில் குறைந்தது 185 நாட்கள் வசிக்க அனுமதி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அது வருவதற்குள் அவசரம் என்றால், ‘பாஸ்’ (PASS) முத்திரை உள்ள வயதுச் சான்று அட்டை ஏதாவது ஒன்று போதும்.

இணையத்தில் வாங்கும்போது வேறு சிக்கல். விற்பவர்கள் நம் பெயரையும் முகவரியையும் வைத்து வயதைத் தானாகச் சரிபார்க்க முயல்வார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அது பெரும்பாலும் தோற்றுப்போகும். பிறகு அட்டையைப் படமெடுத்து அனுப்பு என்பார்கள், பார்சல் இரண்டு நாள் தள்ளிப்போகும். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: இந்திய, இலங்கை, மலேசியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். கட்டணம் இல்லை. வேப்புக்காக என்றில்லை, வங்கிக் கடனுக்கும் வாடகை வீட்டுக்கும் உதவும். முதல் வேலையாகச் செய்யுங்கள்.

சட்டத்தில் நினைவில் நிற்க வேண்டியவை கொஞ்சம்தான். நிகோட்டின் திரவம் 10 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக் கூடாது. வலிமை மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. திரவம் ஊற்றி வைக்கும் டேங்கின் கொள்ளளவு 2 மில்லியைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பை மீறிய சரக்கு மேசைக்கு அடியிலிருந்து வந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் தடை. காயில் கம்பிக்கும் பஞ்சுக்கும் அந்தத் தடையோடு தொடர்பில்லை.

இன்னொன்று. இங்கிலாந்தில் இருப்பவர் காசு செலவழிக்குமுன் தம் பகுதி உள்ளாட்சியின் இலவசப் புகைநிறுத்தச் சேவையை ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். 2023-இல் அறிவித்த திட்டத்தின் கீழ் சில இடங்களில் தொடக்கக் கருவியையே இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதில் வருவது பெரும்பாலும் ஆயத்தக் காயிலோடு வரும் சிறிய பாட் (pod) கருவி. காயில் கட்ட உதவாது. ஆனால் கையில் ஒரு மாற்றுக் கருவி இருப்பது எவ்வளவு அவசியம் என்று பின்னால் சொல்கிறேன்.

2. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

முதலில் கருவி. வாட் அளவை நாமே வைக்கும்படி திரையும் பாதுகாப்புச் சில்லும் உள்ள மோட் (பேட்டரி வைக்கும் கைப்பிடி), 18650 என்ற அளவுள்ள பேட்டரி ஒன்று போடும் வகை: 30 முதல் 50 பவுண்ட். அதன் தலையில் திருகும் டேங்க், நாமே காயில் கட்டும் வகை. கடையில் ‘ஆர்டிஏ’ (RTA) என்று கேளுங்கள், அதிலும் ‘எம்டிஎல்’ (MTL, முன்பு சொன்ன வாய்க்கு இழுக்கும் முறை) என்று சேர்த்துச் சொல்லுங்கள்: 25 முதல் 40 பவுண்ட். இந்தச் சொல்லை விட்டுவிட்டால் அகலமான காற்றுவழி உள்ள புகைமண்டல டேங்கைக் கொடுத்துவிடுவார்கள். ‘ஆர்டிஏ’ (RTA) என்று கேட்டால் ‘ஆர்டிடிஏ’ (RDTA), ஒலியில் அதே போன்ற ‘ஆர்டிஏ டிரிப்பர்’ (RDA) என்று வேறு சில உருப்படிகளையும் எடுத்துக் காட்டுவார்கள். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றும் டிரிப்பர் தொடக்கக்காரருக்குச் சரிப்படாது. பஸ்ஸில் ஏறும் மனிதன் பாட்டிலும் கையுமாக நிற்க முடியாது.

பேட்டரி இரண்டு: 12 முதல் 15 பவுண்ட். தனிச் சார்ஜர்: 10 முதல் 15. கருவிப்பெட்டி: 15 முதல் 20. அதில் பீங்கான் முனை இடுக்கி, ஒட்ட வெட்டும் சிறு கட்டர், நுண்ணிய ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல், காயில் சுற்றும் தண்டு ஆகியவை இருக்க வேண்டும். கந்தல் ஏ1 (Kanthal A1) கம்பி, 28 கேஜ், 10 மீட்டர்: 4 முதல் 6 பவுண்ட். வேப்புக்கென்று விற்கும் ஆர்கானிக் பஞ்சு: 4 பவுண்ட் அளவில்.

எல்லாம் சேர்த்து 100 முதல் 150 பவுண்ட். மோடும் பேட்டரியும் சார்ஜரும் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு 50 முதல் 70. இவை தோராய விலைகள். கடைக்குக் கடை மாறும்.

மிச்சம் எவ்வளவு? வாரம் ஒரு ஆயத்தக் காயில், ஒன்று இரண்டரை பவுண்ட் என்று வைத்தால் ஆண்டுக்கு 130 பவுண்ட். நாம் கட்டும் காயிலுக்குக் கம்பிச் செலவு ஐந்தாறு பென்ஸ், பஞ்சுச் செலவு அதைவிடக் கொஞ்சம் கூட. ஆகவே டேங்கும் கருவிப்பெட்டியும் மட்டும் வாங்குபவருக்குப் போட்ட காசு அரை ஆண்டில் திரும்பும். எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவருக்கு ஓராண்டு ஆகிவிடும். மூன்று மாதத்தில் வேப்பையும் விட்டுவிடப்போகிறேன் என்று திட்டமிடுபவர் இதில் இறங்கவே வேண்டாம். சாதாரண பாட் கருவியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுதான் உங்களுக்கு லாபம்.

திரவத்தின் விலையையும் கணக்கில் வையுங்கள். 2026 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு 10 மில்லிக்கும் 2.20 பவுண்ட் தனி வரி. அதன்மேல் மதிப்புக்கூட்டு வரியும் (VAT) சேர்ந்தால் 2.64. நிகோட்டின் இல்லாத திரவத்துக்கும் இதே வரிதான். பெரிய காயில் கட்டி ஒரு நாளில் 10 மில்லி குடிக்கும் டேங்கை வைத்துக்கொண்டால், கம்பியில் மிச்சம் பிடித்த காசு முழுவதும் திரவத்தில் போய்விடும். மெல்லிய ஒற்றைக் காயில்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. பேட்டரி: இதில் சிக்கனம் கூடாது

காயில் தப்பானால் வாயில் கருகல் வரும். பேட்டரி தப்பானால் தீக்காயம் வரும்.

ஒரு கடையில் எனக்கு ‘மெக்கானிக்கல் மோட்’ ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். பார்க்க அழகான செப்புக் குழாய். உள்ளே சில்லும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பொத்தானை அழுத்தினால் பேட்டரி நேராகக் காயிலோடு இணைகிறது. முழுச் சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட். அதில் 0.15 ஓம் காயிலை வைத்தால் 28 ஆம்பியர் பாயும். தரமான 18650 பேட்டரிகளே தொடர்ந்து தரக்கூடியது 20 ஆம்பியர் அளவுதான். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். புதியவருக்கு மெக்கானிக்கல் மோட் வேண்டாம், அவ்வளவுதான்.

சில்லு உள்ள மோடில் 14 வாட் வைத்து 1.1 ஓம் காயிலை ஓட்டினால் பேட்டரியிலிருந்து போவது 5 ஆம்பியருக்குள். நிம்மதியான அளவு. இருந்தாலும் பேட்டரி உண்மையானதாக இருக்க வேண்டும். உறையில் ‘6000 எம்ஏஎச்’ (mAh, பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சிட்ட 18650 ஐயத்துக்கே இடமில்லாத போலி. ‘40 ஆம்பியர்’ என்று பெருமை பேசுவதும் அதே கூட்டம்தான். சாம்சங் 25ஆர் போன்ற, 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர் என்று அடக்கமாக எழுதியிருக்கும் பேட்டரியைப் பேட்டரிக்கென்றே உள்ள கடையில் வாங்குங்கள். ஏலத் தளங்களில் வேண்டாம்.

உறை கிழிந்த பேட்டரியை அன்றே ஒதுக்குங்கள். நேர்முனையைச் சுற்றியுள்ள வெள்ளை வளையத்தையும் பாருங்கள். அது நைந்தாலும் அதே கதிதான். சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பையில் பேட்டரியைப் போடாதீர்கள். பிளாஸ்டிக் பெட்டி ஒரு பவுண்டுக்குக் கிடைக்கிறது. இரவெல்லாம் சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். செத்த பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் வாசலில் அதற்கென்று தொட்டி இருக்கிறது.

4. நாள் குறிப்பது

சிரிக்காதீர்கள், இது முக்கியம். முதல் காயிலை வேலைநாள் இரவில் கட்டாதீர்கள். முதல் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கை பழகினால் கால் மணி நேரம். பாதியில் கம்பி முறிந்து, பஞ்சும் சரியாக அமையாமல், கையில் வேலை செய்யும் வேப் எதுவும் இல்லாமல் இரவு 11 மணிக்கு உட்கார்ந்திருப்பவர் அடுத்து எங்கே போவார் என்று எல்லோருக்கும் தெரியும்: கீழே உள்ள கடைக்கு, ஒரு பாக்கெட் வாங்க. ஆகவே சனிக்கிழமை காலை. பக்கத்தில் ஓடும் நிலையில் ஒரு பழைய கருவி. பகல் வெளிச்சம். மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி, சிந்தும் திருகாணி கண்ணில் படுவதற்கு. இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம்.

சன்னலைத் திறந்து வையுங்கள். மாணவர் விடுதியிலும் பங்கு வீட்டிலும் புகையறியும் கருவி காத்துக்கொண்டிருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் புகைபிடிக்கத் தடை என்றால் பல இடங்களில் அதில் வேப்பும் சேர்த்தி. ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

5. கம்பிக் கணக்கு

கந்தல் ஏ1 என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பி. விலை மலிவு, முறுக்கேறி நிற்கும், சாதாரண வாட் முறையில் ஓடும். நிக்கல், டைட்டானியம் கம்பிகளும் கடையில் அதே வரிசையில் தொங்கும். அவை வெப்பக் கட்டுப்பாட்டு முறைக்கு மட்டும். காய்ந்த நிலையில் சிவக்கச் சூடாக்கவே கூடாதவை. பெயரைப் படிக்காமல் எடுத்துவிடாதீர்கள்.

28 கேஜ் என்றால் 0.32 மில்லிமீட்டர் தடிமன். மீட்டருக்கு ஏறத்தாழ 18 ஓம். 2.5 மில்லிமீட்டர் தண்டில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் கம்பி. ஆறு சுற்றுக்கு 53, இரண்டு கால்களுக்கும் சேர்த்து 8, ஆக 61 மில்லிமீட்டர். ஓம் கணக்கு 1.1. ஒரு சுற்றைக் கூட்டினால் 0.16 ஓம் கூடும், குறைத்தால் அதே அளவு குறையும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சுற்றுவதற்குப் பிடி வேண்டும் என்பதால் 12 சென்டிமீட்டராக வெட்டுங்கள். 10 மீட்டர் சுருளில் எண்பதுக்கு மேல் காயில் வரும். கெட்டுப்போனால் அழுவதற்கு ஒன்றுமில்லை.

6. சுற்றுவதும் பொருத்துவதும்

புதுக் கம்பியில் தொழிற்சாலை எண்ணெய் ஒட்டியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். முழுவதும் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை. ஈரத்தோடு மின்சாரம் பாய்ச்சினால் பற்றிக்கொள்ளும்.

கம்பியின் ஒரு முனையைத் தண்டோடு கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை இழுவிசை குறையாமல் சுற்றுங்கள். சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நெருக்கமாக வர வேண்டும். இரண்டு கால்களும் எந்தப் பக்கம் நீட்ட வேண்டும் என்பது உங்கள் டேங்கினுள் கம்பியைத் திருகாணியால் பிடிக்கும் தூண்களைப் பொறுத்தது. அறிவுறுத்தல் தாளில் படம் இருக்கும். சுற்றும் திசைதான் பலரும் கோட்டை விடுவது. திருகாணியை முறுக்கும்போது அது கம்பிக் காலைத் தன் பக்கம் இழுத்துச் சுருளை இறுக்க வேண்டும். வெளியே தள்ளிச் சுருளை அவிழ்க்கக் கூடாது. திசை தப்பினால் எவ்வளவு கவனமாக முறுக்கினாலும் காயில் கோணிக்கொண்டே போகும்.

தண்டை உருவாமல் காயிலோடு சேர்த்தே டெக்கில் (டேங்கினுள் காயில் உட்காரும் மேடையில்) வையுங்கள். கால்களைத் திருகாணிக்கு அடியில் செலுத்தி மெல்ல முறுக்குங்கள். 0.32 மில்லிமீட்டர் கம்பி. வீரம் காட்டினால் கம்பிக் கால் துண்டாகும். காற்றுத் துளைக்கு நேர் மேலே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் காயில் நிற்க வேண்டும். டெக்கின் தரையையோ, தூணையோ, மேலே மூடும் மணிமூடியின் சுவரையோ தொடவே கூடாது. தொட்டால் ஷார்ட். பிறகு தண்டை உருவிவிட்டு மிச்சக் கால்களை ஒட்ட வெட்டுங்கள். வெட்டும்போது துண்டு தெறிக்கும், கண்ணுக்குக் கையை மறைப்பாக வையுங்கள். வெட்டிய நுனி அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் மூடியில் பட்டு ஷார்ட் ஆகும். விரலால் தடவிப் பாருங்கள்.

7. ஓம் பார்ப்பதும் சிவக்க வைப்பதும்

டேங்கின் அடிப்பாகத்தை மோடில் திருகுங்கள். திரையில் ஓம் அளவு தெரியும். 1.0 முதல் 1.2-க்குள் வந்தால் சரி. கணக்குக்கு வெகு குறைவாகக் காட்டினால் எங்கோ தொடுகிறது. எண் நிலையில்லாமல் குதித்தால் திருகாணி தளர்வாக இருக்கிறது. வீட்டில் கிடக்கும் சாதாரண மல்டிமீட்டரை இதற்கு நம்பாதீர்கள். அதன் வயர்களின் மின்தடையே கணக்கைக் குழப்பிவிடும்.

பஞ்சு இல்லாமல் 10 வாட்டில் ஒரு நொடி அழுத்தி விடுங்கள். மறுபடி ஒரு நொடி. காயிலின் நடுவில் மங்கிய செம்மை தோன்றி இரு பக்கமும் சமமாகப் பரவ வேண்டும். முதலில் ஓரச் சுற்று மட்டும் சிவந்தாலோ, கால் சிவந்தாலோ, சுற்றுகளுக்கு இடையே ஏதோ சிக்கல். விரலை எடுத்துவிட்டுப் பீங்கான் இடுக்கியின் முனையால் சுற்றுகளின் மேல் இலேசாக உரசுங்கள், பக்கவாட்டில் அமுக்குங்கள், மறுபடி ஒரு நொடி. உலோக இடுக்கியால் இதைச் செய்யாதீர்கள். சமமாகச் சிவந்ததும் நிறுத்திவிடுங்கள். கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பழுக்க வைப்பதைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். அதனால் கம்பி பலவீனமாகுமே தவிர ஒரு பயனும் இல்லை. பழுத்த காயிலைத் தண்ணீரில் காட்டுவதும் வேண்டாம்.

8. பஞ்சு

இதுவரை வந்ததெல்லாம் எளிது. ஒழுகல், கருகல், சுவையின்மை என்று புதியவர்கள் புலம்பும் எல்லாவற்றுக்கும் மூலம் இங்கேதான் இருக்கிறது. பத்து நிமிடத்தில் காயிலைக் கட்டிவிட்டுப் பஞ்சை அரை நிமிடத்தில் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரத்தை மாற்றிப் பங்கிடுங்கள்.

அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பது போலத்தான் இதுவும் வேலை செய்கிறது. இழைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் திரவம் ஏறும். அழுத்தித் திணித்த பஞ்சில் ஏறாது.

பஞ்சுப் பட்டையில் இழைகள் ஓடும் திசையிலேயே, காயிலின் உள்விட்டத்தைவிடச் சற்று அகலமாக ஒரு கீற்றைப் பிரித்தெடுங்கள். ஒரு முனையை மட்டும் விரலால் முறுக்கிக் கூராக்கிக் காயிலுக்குள் செலுத்தி மறுபக்கம் இழுங்கள். இழுக்கும்போது இலேசான எதிர்ப்பு தெரிய வேண்டும். தங்கு தடையில்லாமல் வழுக்கினால் பஞ்சு போதாது: காயிலில் படாத இடம் கருகும், திரவம் தெறித்து வாய்க்கு வரும். பஞ்சோடு காயிலும் சேர்ந்து வளைந்து வந்தால் அதிகம்: திரவம் நடுப்பகுதிக்கு வந்து சேராது. காயில் அசையாமல், ஆனால் உரசிக்கொண்டு வருவதுதான் அளவு. முறுக்கிய பகுதி வெளியே வந்ததும் அதை வெட்டி எறிந்துவிடுங்கள். உள்ளே முறுக்கு இருக்கக் கூடாது.

அடுத்து வால்கள். இரு பக்கமும் டெக்கின் வெளிவிளிம்பு வரை விட்டு வெட்டுங்கள். இடுக்கியால் வால்களைச் சீவி, தளர்ந்த இழைகளை உதிர்த்து, சற்று மெலிதாக்குங்கள். பிறகு வால்களை மடக்கித் திரவம் நுழையும் வாய்க்கால்களின் மேல் படுத்திருக்கும்படி விடுங்கள். வாய்க்காலை மூட வேண்டும், அடைக்கக் கூடாது. வால் குட்டையாகி வாய்க்கால் திறந்து கிடந்தால் டேங்க் காற்றுத் துளை வழியே ஒழுகும். வால் பருத்து வாய்க்காலில் திணிந்திருந்தால் நாலாவது இழுப்பில் கருகல். கருகலா ஒழுகலா என்று பார்த்தாலே பஞ்சைக் குறைப்பதா கூட்டுவதா என்று தெரிந்துவிடும்.

மருந்துக்கடையில் காயத்துக்கு விற்கும் பஞ்சும், ஒப்பனைப் பஞ்சும் வேண்டாம். வெளுக்கப் பயன்படுத்திய பொருட்களின் வாடை முதல் நாள் முழுவதும் தொண்டையில் நிற்கும்.

9. திரவம், முதல் இழுப்பு

பஞ்சின் மேலும் காயிலின் மேலும் சொட்டுச் சொட்டாக ஊற்றி, இழைகள் முழுவதும் கண்ணாடி போலத் தெளியும்வரை நனைத்துவிடுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடம் காய்ந்த இடம். 10 வாட்டில் ஒரு சிறு அழுத்து. ஆவி சீராக எழுந்தால் இன்னும் இரண்டு சொட்டு. மூடியைப் போட்டு, காற்றுவழியை மூடிவிட்டு டேங்கை நிரப்புங்கள். காற்றுவழியைத் திறந்த நிலையில் நிரப்பினால் சட்டைப்பை நனையும். பத்து நிமிடம் சும்மா வையுங்கள். முதல் இழுப்பு 11 வாட்டில். பிறகு அரை அரை வாட்டாக ஏற்றி, 13, 14-இல் உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள்.

கருகல் சுவை வந்த அந்த நொடியே விட்டுவிடுங்கள். காய்ந்து கருகும் பஞ்சிலிருந்தும் எல்லை மீறிச் சூடான திரவத்திலிருந்தும் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் வரும். ஒருமுறை கருகிய பஞ்சு தேறாது. சில பென்ஸ் பஞ்சுக்காக அதை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

திரவத்தில் ‘50/50’ (பிஜி, விஜி என்ற இரண்டு அடிப்படைத் திரவங்களும் சரிபாதி) என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ‘70 விஜி’ என்றிருப்பது குழைவானது, மெல்லிய டேங்கில் ஏறாது. நிகோட்டின் வலிமை 6 முதல் 12 மில்லிகிராம் இந்தக் காயிலுக்குப் பொருந்தும். நாளுக்கு ஒரு பாக்கெட் பிடித்தவர் 12-இல் தொடங்கிப் படிப்படியாக இறங்கலாம். தலைசுற்றலும் குமட்டலும் வந்தால் வலிமை அதிகம் என்று பொருள். இதே 12-ஐ நண்பரின் புகைமண்டல டேங்கில் ஊற்றி விளையாடாதீர்கள்.

சமையல் எசென்ஸ், வாசனை எண்ணெய், வேறெந்த எண்ணெயும் டேங்குக்குள் போகக் கூடாது. எண்ணெய் ஆவி நுரையீரலுக்கு நேரடிக் கேடு. நிகோட்டின் பாட்டில் குழந்தைகள் கைக்கும் நாய், பூனைக்கும் எட்டாத இடத்தில் பூட்டியிருக்க வேண்டும். தோலில் சிந்தினால் உடனே கழுவுங்கள். குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 999. காத்திருந்து பார்க்கும் விஷயம் அல்ல.

10. எப்போது மாற்றுவது

பஞ்சு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். புதினா, புகையிலைச் சுவைகள் நீடிக்கும். கஸ்டர்ட், டோனட் வகையறா மூன்றே நாளில் காயிலைக் கரியாக்கும். அவற்றில் சேர்க்கும் இனிப்பூட்டிதான் காரணம். சுவை மங்கினாலும் பஞ்சு பழுப்பேறினாலும் மாற்றிவிடுங்கள்.

காயிலை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய பஞ்சை இழுத்து எறிந்துவிட்டு, குறைந்த வாட்டில் விட்டுவிட்டு அழுத்திக் கரியைச் சுட்டு, ஆறவிட்டு, வெந்நீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் புதுப் பஞ்சு வைத்தால் போதும். ஒரே காயில் ஒரு மாதத்துக்கு மேலும் ஓடும். திருகாணிகளை அப்போதே ஒருமுறை இறுக்கிவிடுங்கள். சூடேறி ஆறும்போது தளரும். ஓம் அளவு முதல் நாளைவிட வெகுவாக மாறியிருந்தால் கம்பியின் ஆயுள் முடிந்தது.

11. ஊருக்குப் போகும்போது

சென்னைக்கோ, திருச்சிக்கோ, கொழும்புக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர்கள் இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாவற்றையும் தடை செய்கிறது. இறக்குமதிக் குற்றத்துக்கு முதல் தடவையே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கருவி மட்டும் அல்ல, அதன் பாகங்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. ‘ஒன்றுதானே, சொந்தப் பயனுக்குத்தானே’ என்று சுங்க மேசையில் வாதாடும் நிலைக்குப் போகாதீர்கள். இலங்கையிலும் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். அங்கே இரண்டு நாள் தங்கிப் போகும் திட்டம் இருந்தால் இன்னும் கவனம்.

தடையில்லாத நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால், வேப்பும் உதிரிப் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கில் ஏறும் பெட்டியில் வைக்கக் கூடாது. பேட்டரிகள் தனித்தனியே உறையில் இருக்க வேண்டும். விமானத்தில் சார்ஜ் செய்வதும் பயன்படுத்துவதும் கூடாது. மேலே போகும்போது காற்றழுத்தம் குறைந்து டேங்க் ஒழுகும், ஆகவே காலியாக எடுத்துச் செல்லுங்கள். கட்டரையும் கத்தரிக்கோலையும் பெட்டியில் போட்டுவிடுங்கள்; பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும் வாரங்களுக்கு நிகோட்டின் பேட்ச் அல்லது சூயிங்கம் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் கேட்டால் நீங்கள் நாளுக்கு எவ்வளவு இழுக்கிறீர்கள் என்று விசாரித்து அளவு சொல்வார்கள். கிளம்புமுன் மோடிலிருந்து பேட்டரியைக் கழற்றி, அரைச் சார்ஜில் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். டேங்கைப் பிரித்துக் கழுவிக் காயவிடுங்கள். மூன்று வாரம் திரவத்தில் ஊறிய பஞ்சின் வாடை பிறகு எளிதில் போகாது.